பல்கலைக்கழகக் கணக்கும் இரண்டாந் தாழும்

பல்கலைக்கழகம் புகும் மாணாக்கர்க்கு இக்காலத்தில் முதற்கண் வழங்கப்படுவது நூலன்று, கணினிக் கணக்கொன்றேயாம். மின்னஞ்சல், விரிவுரைக் குறிப்பு, ஒப்படை, பரீட்சைப் பெறுபேறு யாவும் அதனுள் அடங்கும். ஆசிரியர்க்கோ வேதனமும் அதனைச் சார்ந்தது. இவை அனைத்தையும் ஒரு கடவுச்சொல் மட்டும் காத்தல் சாலுமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

கணினிக் கடவுச்சொல்லின் தொடக்க வரலாறே ஒரு பல்கலைக்கழகத்தைச் சார்ந்ததாகும். பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தும் முறைமையொன்று 1961 ஆம் ஆண்டில் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்திற் கொர்பற்றோ என்பாரால் அமைக்கப்பட்டது. ஆண்டு ஆராய்ச்சி மாணவராயிருந்த அலன் செர் என்பார், தமக்களித்த கணினி நேரம் போதாமையால், 1962 இல் துளையட்டையொன்றின் வாயிலாகக் கடவுச்சொற் கோப்பு முழுவதையும் அச்சிடுவித்துப் பிறர் கணக்குகளைப் பயன்படுத்தினார். பின்னாளில் இதனைத் தாமே வெளியிட்டார். கடவுச்சொல் தோன்றிய சின்னாளிலேயே அதன் களவும் தோன்றிற்று என்க.

இக்குறையை நீக்க எழுந்ததே பல்காரணி உறுதிப்பாடு. ஒருவர் அறிந்தது, கையில் வைத்திருப்பது, உடலில் அமைந்தது என்னும் மூவகையுள் இரண்டையேனும் அது வேண்டும். கடவுச்சொல்லோடு பிறந்த ஊரையும் வினவுதல் இரண்டாங் காரணியாகாது, இரண்டும் அறிந்தவையே. ஒரே கோவையிற் கோத்த இரு திறப்புகள் ஒருங்கே களவு போகுமன்றோ!

கைத்தொலைபேசிச் செயலி காட்டும் ஆறிலக்க எண் பெரும்பாலும் 30 செக்கனுக்கு ஒருமுறை மாறும். பதிவு செய்யும்போது பல்கலைக்கழகக் கணினியும் தொலைபேசியும் ஓர் இரகசிய எண்ணைப் பகிர்ந்து கொள்கின்றன. அதனையும் அந்நேரத்தையும் கொண்டு இரண்டும் தனித்தனியே கணிக்கின்றன. ஆதலின் இணையத் தொடர்பு இன்றியும் செயலி இயங்கும். குறுஞ்செய்தியில் வரும் எண் இதனினும் வலிகுன்றியது. தொலைபேசி நிறுவனத்தாரை ஏய்த்து நம் இலக்கத்தைத் தன் அட்டைக்கு மாற்றிக்கொள்வான் ஒருவனுக்கு அவ்வெண்ணும் போய்ச் சேரும்.

எனினும் செயலி எண்ணும் முற்றுங் காப்பதன்று. 2025 இல் ஐக்கிய அமெரிக்கப் பல்கலைக்கழக ஊழியரின் வேதனத்தைக் கவர்ந்த கூட்டமொன்றைப் பற்றி மைக்ரோசொவ்ற் நிறுவனம் அறிவித்தது. பொய் மின்னஞ்சலால் ஊழியரைப் போலிப் பக்கத்துக்கு ஈர்த்து, அவர் இட்ட கடவுச்சொல்லையும் எண்ணையும் அக்கணமே மெய்ப்பக்கத்தில் இட்டு உட்புகுந்தனர். வேதனம் செல்லும் வங்கிக் கணக்கை மாற்றினர். அம்மாற்றத்தை அறிவிக்கும் மடல்கள் தாமே அழியவும் ஒழுங்கு செய்தனர். மூன்று பல்கலைக்கழகங்களில் அகப்பட்ட 11 கணக்குகளிலிருந்து, 25 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 6,000 முகவரிகளுக்கு மடல்கள் சென்றனவாம்.

இவ்வஞ்சனையை வெல்வது பாதுகாப்புத் திறப்பு எனப்படும் சிறு கருவி. தொலைபேசியிலேயே அமையும் கடவுத்திறப்பும் அத்தகையதே. பதிந்த இணைய முகவரிக்கன்றி வேறெதற்கும் அது விடையளியாது. ஓரெழுத்து மாறிய முகவரி நம் கண்ணை ஏமாற்றும், கருவியை ஏமாற்றாது. வசதியுள்ள பல்கலைக்கழகத்தில் இதனையே தெரிதல் நன்று. இல்லாவிடத்துச் செயலியைக் கொள்க. நாம் புகாதபோது 'அனுமதிப்பீரா?' எனத் தொலைபேசி வினவுமாயின், மறுத்துவிட்டு உடனே கடவுச்சொல்லை மாற்றுதல் வேண்டும்.

பலர் மறப்பது ஒன்றுண்டு. தொலைபேசி தொலைந்தால் உரியவரே வெளியில் நிற்க நேரும், அதுவும் பரீட்சைக் காலத்தில்! பதிவின்போது மீட்பு எண்கள் தரப்படின் அவற்றைத் தாளில் எழுதி வீட்டிற் பத்திரப்படுத்துக. பழைய தொலைபேசியை விற்குமுன் புதியதைப் பதிந்து, பழையதன் பதிவை நீக்கிவிடுக.