புன்னக்காயல் வரை வந்துசேராத மணல்

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, எட்டு அணைக்கட்டுகளைக் கடந்து, ஏறத்தாழ 128 கி.மீ. ஓடி, புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. ஆறு தண்ணீரை மட்டும் கொண்டுவருவதில்லை, மணலையும் சுமந்து வருகிறது. மலைப்பாறை சிதைந்து ஆற்றுமணலாகிறது. அம்மணலில் கலந்திருக்கும் கனமான துகள்களை அலை அரித்துப் பிரித்துக் கரையில் ஒதுக்குகிறது. கடற்கரையில் கறுப்பும் சிவப்புமாகப் படிந்து கிடக்கும் தாது மணல் உருவாகும் விதம் இதுதான். ஆகவே ஆற்றுமணல் கொள்ளையையும் தாது மணல் கொள்ளையையும் இருவேறு பிரச்சினைகளாகப் பார்ப்பது தவறு என்று நாம் கருதுகிறோம். அரசு அவற்றை இரண்டு சட்ட வகைகளில் வைத்திருக்கிறது. ஆற்றுமணல் 'சிறுகனிமம்', மாநில அரசின் விதிகளுக்கு உட்பட்டது. தாது மணல் 'அணுக் கனிமங்கள்' பட்டியலில் வருவது, ஒன்றிய அரசின் பிடியில் இருப்பது. இந்தப் பிரிவினையே பொறுப்பைத் தட்டிக்கழிக்க வசதியாக அமைந்துவிட்டது.

முதலில் ஆறு. ஆற்றுமணல் கட்டடப் பொருள் மட்டுமல்ல, அது நீரைத் தேக்கி வைக்கும் பஞ்சு. அதை அள்ளும்போது ஆற்றின் படுகை தாழ்கிறது. படுகை தாழ்ந்தால், ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் வாய்க்காலின் தலைமதகுக்கு எட்டாது. குடிநீருக்காக ஆற்றுக்குள் இறக்கிய உறைகிணறுகளில் ஊற்று குறையும். முகத்துவாரத்தை ஒட்டிய பகுதியிலோ, நன்னீரின் அழுத்தம் குறையக் குறைய உப்புநீர் நிலத்தடியில் உள்ளே ஏறும். ஆத்தூர் வெற்றிலை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெருமை நிற்பது நன்னீரை நம்பி வாழும் கொடிக்கால்களின் மீது.

ஆனால் கொடிக்காலும் நஞ்சையும் வறண்டால் யாருக்கு நட்டம்? பட்டாதாரருக்கு என்று வருவாய்த் துறையின் பதிவேடு சொல்லும். அந்தப் பதிவேட்டில் பெயரே இல்லாத ஒருவர் இருக்கிறார். நாற்று நட்டு, களை எடுத்து, அறுப்பறுத்து வாழும் நிலமற்ற கூலித் தொழிலாளி அவர். தாமிரபரணிப் பாசனத்தில் அவர் பெரும்பாலும் தலித். அதிலும் பெரும்பாலும் பெண். பயிர் கருகினால் பட்டாதாரருக்கு நிவாரணம் கேட்க ஒரு விண்ணப்பமாவது உண்டு. வேலைநாட்களை இழந்தவருக்கு எந்தப் படிவமும் இல்லை. மணற்கொள்ளை குறித்த மனுக்கள் பலவற்றிலும் 'விவசாயிகள் பாதிப்பு' என்ற சொல் இருக்கும், 'விவசாயத் தொழிலாளர்' என்ற சொல் இருக்காது. இந்த விடுபடல் நம் தரப்பு வழக்கறிஞர்கள் எழுதும் மனுக்களிலும் நேர்கிறது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

மூத்த பொதுவுடைமைத் தலைவர் இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010 டிசம்பரில் தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. தடை வந்தும் திருட்டு நிற்கவில்லை. 2023 ஏப்ரல் 25 அன்று, மணல் கடத்தலைக் காவல்துறையிடம் புகார் செய்த முறப்பநாடு கோவில்பத்து கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், பட்டப்பகலில் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் இருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அரசு ஊழியருக்கே இந்தக் கதி என்றால், ஆற்றங்கரைக் குடியிருப்பில் வாழும் ஒருவர் எந்தத் துணிவில் சாட்சி சொல்ல வருவார்?

இங்கே மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு தீர்ப்பு உண்டு. கனிமச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி, அதிகாரம் பெற்ற அலுவலர் புகார் அளித்தால்தான் நீதிமன்றம் வழக்கை ஏற்க முடியும். இதைக் காட்டியே காவல் நிலையங்கள் கைவிரித்து வந்தன. உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில், தில்லி அரசு எதிர் சஞ்சய் வழக்கில், அனுமதியின்றி ஆற்றுமணல் அள்ளுவது திருட்டுக் குற்றமும் ஆகும் என்றும், அதற்குக் காவல்துறை தானாகவே வழக்குப் பதிய முடியும் என்றும் தெளிவுபடுத்தியது. ஆகவே 'கனிமவளத் துறையிடம் போங்கள்' என்ற பதில் செல்லாது. ஆனால் இந்தத் தீர்ப்புக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. திருட்டு வழக்கில் எளிதில் சிக்குபவர் லாரி ஓட்டுநரும், இரவுக் கூலிக்கு மண்வெட்டி பிடித்தவரும்தான். வேலை இழந்து ஆற்றில் இறங்கியவரே குற்றவாளியாகிறார். வண்டியின் உரிமையாளரும் மணலை வாங்கியவரும் முதல் தகவல் அறிக்கைக்கு வெளியே நிற்கிறார்கள். புகார் எழுதும்போதே வண்டியின் உரிமம், நடைச்சீட்டு, மணல் கொட்டி வைத்த இடம் ஆகியவற்றையும் விசாரிக்கக் கோர வேண்டும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(g) பிரிவையும் நாம் போதிய அளவு பயன்படுத்தவில்லை. பட்டியல் சாதியினர் தம் நிலத்தின் மீதோ நீர் அல்லது பாசன வசதியின் மீதோ கொண்டுள்ள உரிமையைத் துய்ப்பதில், அச்சமூகத்தைச் சேராத ஒருவர் இடையூறு செய்வதை அது குற்றமாக்குகிறது. சேரியின் குடிநீர்க் கிணற்றை ஒட்டித் தோண்டப்படும் மணற்குழி இதற்குள் வரும் என்பது எங்கள் வாதம்.

இனிக் கடற்கரை. தாது மணலிலிருந்து கிடைக்கும் இல்மனைட் வெள்ளை நிறமிக்கும், கார்னெட் உலோகத்தைத் தேய்க்கவும் அறுக்கவும், சிர்கான் ஓடுகளுக்கும் பயன்படுகின்றன. மோனசைட்டில் தோரியம் உள்ளது. புன்னக்காயலுக்கு அருகே சாகுபுரத்தில் இயங்கும் ஆலை, இல்மனைட்டிலிருந்து செயற்கை ரூட்டைல் தயாரிக்கிறது. கரையின் மணல்மேடு அலைக்கும் ஊருக்கும் நடுவே நிற்கும் அரண். அது போனால் கடல் ஊருக்குள் வரும், வலை உலர்த்தும் இடம் போகும், கட்டுமரம் ஏற்ற இடமிருக்காது. 1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை மணல் அள்ளுவதைத் தடை செய்தது, ஆனால் வேறெங்கும் கிடைக்காத அரிய கனிமங்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. அந்தச் சிறு விலக்குதான் பெருங்கதவாயிற்று.

2013 ஆகஸ்டில் தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர் ஆஷிஷ் குமார் வைப்பாறு பகுதியில் ஆய்வுக்கு உத்தரவிட்டார். சில மணிநேரத்தில் அவர் இடமாற்றம் செய்யப்பட்டார். எழுந்த எதிர்ப்புக்குப் பின் ககன்தீப் சிங் பேடி தலைமையில் ஆய்வுக் குழு அமைந்தது. தடை முதலில் தூத்துக்குடிக்கும், செப்டம்பரில் நெல்லை, குமரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விதிக்கப்பட்டது. 2025 பிப்ரவரி 17 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இந்த முறைகேட்டை மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்க உத்தரவிட்டு, ரூ.5,832 கோடியை வசூலிக்கும் அரசின் நடவடிக்கையையும் உறுதி செய்தது. ஆய்வுக்கும் தீர்ப்புக்கும் இடையே ஓடியது பதினோரு ஆண்டுகளுக்கு மேல்!

தனியார் போய்விட்டதால் கடற்கரை தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். குமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டாரத்தில் பொதுத்துறை நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கத் திட்டமிட்டுள்ளது. 2024 அக்டோபர் 1 அன்று நடக்கவிருந்த பொது விசாரணை, மக்கள் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 8இல் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது: அணுக் கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை. இது எதைப் பறிக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். 2006 அறிவிக்கையின்படி பொது விசாரணையில் பேசப் பட்டா வேண்டாம், படகு வேண்டாம், பாதிக்கப்படும் உள்ளூர்வாசியாக இருந்தால் போதும். நிலமற்றவரின் குரல் அரசுப் பதிவேட்டில் ஏறிய ஒரே இடம் அது. மீனவரும் தலித் தொழிலாளரும் ஒரே மேடையில் நின்று பேச முடிந்த அரிய இடமும் அதுதான்.

ஆற்றுமணலுக்கு இன்னும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2016 ஜனவரி திருத்தத்தின்படி ஒவ்வொரு மாவட்டமும் கனிம ஆய்வறிக்கை தயாரித்து, வரைவை ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்ட இணையதளத்திலும் 21 நாட்கள் மக்கள் கருத்துக்காக வைக்க வேண்டும். எந்த இடத்தில் எவ்வளவு மணல் அள்ளலாம் என்பதற்கு அடிப்படை இந்த அறிக்கைதான். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் படிக்கும் மாணவர்கள் அடுத்த வரைவு வரும்போது அதைத் தமிழில் சுருக்கி, வாய்க்கால் கடைமடைத் தெருக்களிலும் புன்னக்காயல் கரையிலும் வாசித்துக்காட்டி, கையெழுத்துப் பெற்று அனுப்பட்டும். வரைவை எழுதித் தர நாங்கள் வருகிறோம்.