சுவரில் நின்ற நீர்க்கோடு

கெடாவின் கோலா கெத்தில் பக்கத்துத் தோட்டங்களில் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். யாரும் மீட்டர் கணக்கில் பதில் சொல்ல மாட்டார்கள். எழுந்துபோய்ச் சுவரோரம் நின்று, உள்ளங்கையைப் படுக்கையாக வைத்து, "இவ்ளோ ஒசரம் வந்துச்சுங்க" என்பார்கள். கையை எடுத்த பிறகும் அந்தக் கோடு கேட்டவர் கண்ணில் நிற்கும்.

இந்த ஊருக்குப் பெயரே ஆறு கொடுத்ததுதான். கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு கலக்கும் முகத்துவாரம் என்பதால் கோலா கெத்தில். மேட்டில் மழை கொட்டினால் இங்கே நெஞ்சு படபடக்கும். 2022 ஜூலை 4-ஆம் தேதி, குனோங் இனாஸ் மலைப் பக்கமிருந்து சேறும் மரக்கட்டைகளுமாக இறங்கிய வெள்ளம், இதே பாலிங் மாவட்டத்தில் கூப்பாங் வட்டாரத்தைப் புரட்டிப் போட்டது. மூன்று உயிர்கள் போயின. தண்ணீர் வடிந்ததும் வீட்டுக்கு வீடு ஒரே வேலை: சேற்றை வழிப்பது, சுவரைக் கழுவுவது, ஊறிப்போன மெத்தையைத் தூக்கி எறிவது. பிழைத்தவர்கள் வேறென்ன செய்வார்கள்?

இதே மூடா ஆறு கடலைத் தொடும் இடத்தில் மட்டும், அள்ளி எறிய வேண்டியதை ஊர் எடுத்து வைத்துக்கொண்டது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 9 மணி வாக்கில் சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கியது. மதியம் சுனாமி அலை நம் கரைக்கு வந்தது. சுமத்ரா தீவே பெரிய தடுப்பாக நின்றதால் அடி குறைந்தது என்பார்கள். குறைந்தும் மலேசியாவில் 68 பேர் மாண்டார்கள். கெடாவில் மட்டும் 12 பேர். முகத்துவாரத்து மீனவ ஊரான கோத்தா கோலா மூடாவில் வீடுகள் பெயர்ந்தன, படகுகள் நொறுங்கின.

அந்த உடைந்த படகுகளைத்தான் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அங்கே நினைவுச் சின்னமாக நிறுத்தியிருக்கிறார்கள். பளிங்கும் இல்லை, வெண்கலமும் இல்லை. விறகுக்குப் போயிருக்க வேண்டிய மரம். மீனவனுக்குப் படகு ஒரு பொருள் மட்டுமல்ல. பிள்ளைகளின் பள்ளிச் செலவு, கடனுக்குக் கட்டும் தவணை, விடியலில் வீட்டை விட்டுக் கிளம்பக் காரணம். தண்ணீரில் மிதக்க வேண்டியது வானத்தைப் பார்த்துக் குவிந்து கிடக்கும்போது, எது தலைகீழானது என்பதை எந்தப் பலகையும் எழுதிச் சொல்ல வேண்டியதில்லை.

அலையின் பேரடி விழுந்த, சுமத்ராவின் பண்டா ஆச்சேயில் 2009-இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். கட்டடக் கலைஞர் ரித்வான் காமில் வடிவமைத்தது. உள்ளே நுழைந்ததும் இருட்டுப் பாதை. இருபுறச் சுவர்களிலும் தண்ணீர் வழியும் ஓசை. அங்கே நாடே கூடி நினைக்கிறது.

புதுச்சேரிக்கு அருகில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஆரோவில்லைச் சேர்ந்த உபாசனா என்ற வடிவமைப்புக் கூடத்தில், உமா பிரஜாபதியின் முயற்சியில், அதே அலையில் அடிபட்ட கரையோர மீனவப் பெண்கள் கூடினார்கள். கடலைப் பார்க்கவே அஞ்சியவர்களின் கைகளில் தையல் மிச்சத் துணியைக் கொடுத்தார்கள். விரலளவு பொம்மை ஒன்று பிறந்தது. பெயர் சுனாமிகா. அதற்கு விலை கிடையாது. அன்பளிப்பாக மட்டுமே கைமாறும். விரும்பியவர்கள் தரும் நன்கொடையில் வேலை நடந்தது. லட்சக்கணக்கான பொம்மைகள் பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. சின்னத் துணியைச் சுருட்டி, நூலால் இறுக்கி, கண் வைத்து முடிப்பதற்குள் மனசு கொஞ்ச நேரமாவது அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டு விலகியிருக்கும். பார்ப்பவருக்கு முன்பாக, செய்தவருக்கே அது மருந்து.

படகு, துணி மிச்சம். இரண்டுமே அந்தந்தக் கைகள் அன்றாடம் புழங்கிய பொருள்கள். இழப்பிலிருந்து பிறக்கும் கலைக்கு உயர்ந்த சாமான் தேவையில்லை. பழகிய சாமான் போதும்.

நம் தோட்டத்துப் பழகிய சாமான் குரல். சாவு வீட்டில் பாட்டிமார் கட்டிய ஒப்பாரியில் போனவரின் நடை, சாப்பாடு, கோபம் எல்லாம் வரும். புகார் நகரைக் கடல் கொண்ட கதையை மணிமேகலை சுமந்து வந்ததுபோல, சொல்லில் வைத்துக் காக்கும் பழக்கம் நமக்குப் பழையது. ஆனால் லயங்கள் கலைந்து, பாடியவர்களும் போனபின், சொல்லைப் பிடித்து வைக்க ஒரு பொருள் வேண்டியிருக்கிறது. பால் மரத்தில் கட்டிய மங்கு ஒன்று, சேற்றோடு காய்ந்த பால் வாளி ஒன்று, எதுவாகவும் இருக்கலாம்.

அதுவும் இல்லையென்றால் சுவர் இருக்கிறது. தீபாவளி வந்தால் சாயம் அடிப்போம். இந்த முறை அடிக்கும்போது, பெரியவர் கை வைத்துக் காட்டிய இடத்தில் ஒரு சாண் அகலத்தை மட்டும் விட்டுவிட்டு அடிக்கலாம். பேரப்பிள்ளை ஒருநாள் கேட்கும்: "தாத்தா, இங்க ஏன் சாயம் இல்ல?"

அவர் எழுந்து சுவரோரம் போவார்.