கேட்பது இரக்கமல்ல, நீதி

லூக்கா நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் வரும் கைம்பெண், நேர்மையற்ற நடுவரிடம் இரக்கம் கேட்கவில்லை, நீதி கேட்டார். சளைக்காமல் கேட்டார்.

நம் காஞ்சிபுரத்தில் தறி மிதித்த கால் செயலிழந்த நெசவாளருக்கும் அந்த உரிமை உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பல சலுகைகளைப் பெற 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு இருப்பதாக மருத்துவச் சான்று வேண்டும். மருத்துவர் 35 என்று எழுதிவிட்டால் எல்லாம் முடிந்துபோவதில்லை. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய அச்சட்டத்தின் 59ஆம் பிரிவு வழி தருகிறது.

சான்று மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள். சான்று வழங்கும் பொறுப்பில் இருப்போரே, முகம் பார்த்தல்ல, உண்மை பார்த்து எழுதுங்கள். மனு எழுதத் தெரிந்தவர்களே, தெரியாதவரோடு உடன் செல்லுங்கள். அதுவும் இறையாட்சிப் பணியே.