இருக்கைப் பட்டை

இருக்கைப் பட்டை (சீட் பெல்ட்) என்பது மகிழுந்து மோதும்போது பயணியை இருக்கையோடு பிடித்து வைக்கும் பட்டை ஆகும். இன்றுள்ள மும்முனைப் பட்டையை 1959இல் வால்வோ நிறுவனப் பொறியாளர் நில்சு போலின் உருவாக்கினார்.

வண்டி நின்றாலும், நிலைமத்தால் உடல் அதே வேகத்தில் முன்செல்லும். கடலூர்–சிதம்பரம் சாலையில் 100 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவது, சுமார் 40 மீட்டர் உயரமுள்ள சிதம்பரம் கோபுர உச்சியிலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். பட்டை அவ்விசையை மார்பு, தோள், இடுப்பெலும்புகளில் பரப்புகிறது. தலை கண்ணாடியில் மோதாமலும் உடல் வெளியே வீசப்படாமலும் காக்கிறது.

உலக சுகாதார அமைப்பின்படி, முன்னிருக்கையில் இறப்பு வாய்ப்பு 45–50% குறைகிறது. பின்னிருக்கையில் இறப்பும் படுகாயமும் சுமார் 25% குறைகின்றன. பட்டை அணியாத பின்னிருக்கைப் பயணி முன்னிருப்பவர் மீதும் மோதுவார்.

இந்தியாவில் 2019 சட்டத் திருத்தப்படி அணியாதவருக்கு அபராதம் 1000 ரூபாய். பட்டையின் கீழ்ப்பகுதி வயிற்றில் அன்றி இடுப்பெலும்பில் படிய வேண்டும். பக்கத்து ஊர்ப் பயணத்துக்கும் இது பொருந்தும்.