ஒரே நெல் ரகம்: ஊருக்கு ஊர் மகசூல் மாறுவது ஏன்?

பக்கத்து ஊரில் நன்றாக விளைந்த நெல் ரகம், நம் வயலில் பதராகிப் போவது உண்டு. பிரம்மதேசத்திலிருந்து மரக்காணம் உப்பளம் நோக்கிப் போகப் போக நிலத்தில் உப்பு கூடுவதால், இவ்வட்டார விவசாயிகள் இதனைக் கவனிக்க வேண்டும். விதை மட்டுமோ நிலம் மட்டுமோ மகசூலைத் தீர்மானிப்பதில்லை. ஒரு ரகத்தின் மரபணுக்கள் நிலத்துக்கு நிலம் வேறுவிதமாகப் பலன் தருகின்றன.

சராசரி போதாது

கணக்குக்காக இரண்டு ரகங்களை எடுத்துக்கொள்வோம். நல்ல நிலத்தில் முதல் ரகம் ஏக்கருக்கு 30 மூட்டையும், இரண்டாவது ரகம் 24 மூட்டையும் தருகின்றன. உவர் நிலத்தில் முதல் ரகம் 8, இரண்டாவது 15. சராசரி பார்த்தால் 19, 19½. இரண்டும் ஒன்று போலத் தோன்றும். ஆனால் உவர் நிலம் வைத்திருப்பவருக்கு வித்தியாசம் 7 மூட்டை. பயிர்க்கடன் அடைபடுவதும் நிற்பதும் அதில் இருக்கிறது.

1963-ல் பின்லே, வில்கின்சன் என்ற விஞ்ஞானிகள் ஆஸ்திரேலியாவில் 277 பார்லி ரகங்களை இவ்வாறு ஆராய்ந்தனர். ஓர் இடத்தில் எல்லா ரகங்களும் தரும் சராசரி மகசூலே அந்த இடத்தின் அளவுகோல். நமது கணக்கில் இந்தச் சராசரி 1 மூட்டை குறையும்போது, முதல் ரகம் சுமார் 1.4 மூட்டையும், இரண்டாவது 0.6 மூட்டையும் குறைகின்றன. குறைவாகச் சரியும் ரகமே மோசமான நிலத்தில் கைகொடுக்கும்.

உவர் வேறு, களர் வேறு

உவர் நிலத்தில் கரையும் உப்புகள் அதிகம். களர் நிலத்தில் சோடியம் மிகுந்து மண் இறுகிவிடும். 1995-ல் வெளியான திருச்சி 1 களர் நிலத்துக்கென உருவாக்கப்பட்ட ரகம். 1982-ல் வெளியான கோ 43, களர், உவர் இரண்டையும் ஓரளவு தாங்கும். எனவே முதலில் மண் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

வயலிலேயே சோதனை

புதிய ரகத்தை நிலம் முழுவதும் நடாமல், பழைய ரகத்தின் பக்கத்தில் சிறு பாத்திகளில் நடவும். உப்பு அதிகமுள்ள மூலை, நடு வயல், மேட்டுப்பகுதி என மூன்று இடங்களில் இரண்டு ரகங்களையும் நடுவது நல்லது. நாற்றின் வயது, உரம், தண்ணீர் ஒன்றாக இருக்க வேண்டும். அறுவடையில் தனித்தனியே எடை போட்டுக் குறித்துக்கொள்ளவும்.

நல்ல மழை பெய்து உப்பு கழுவப்பட்ட ஆண்டில் எந்த ரகமும் தேறிவிடும். ஆகவே ஒரே ஆண்டில் முடிவு செய்யாமல், இரண்டு மூன்று பருவம் பார்ப்பது நலம். விதை வாங்கும்போது, “எவ்வளவு விளையும்?” என்பதோடு, “என் நிலம் போன்ற நிலத்தில் எவ்வளவு விளைந்தது?” என்றும் கேளுங்கள்.