கேட்கும் செவியும் ஒரு தருமமே

பகவத் கீதையைப் பாராயணம் செய்யும்போது முதல் அத்தியாயத்தை நம்மில் பலர் விரைந்து கடந்து விடுகிறோம். உபதேசம் இரண்டாம் அத்தியாயத்தில்தானே தொடங்குகிறது என்ற எண்ணம் நமக்கு. ஆனால் அந்த முதல் அத்தியாயத்திற்கு 'அர்ஜுன விஷாத யோகம்' என்று பெயர். விஷாதம் என்றால் மனச்சோர்வு. உடல் நடுங்குகிறது, வாய் உலர்கிறது, வில் கையை விட்டு நழுவுகிறது, நிற்கவும் முடியவில்லை என்று அர்ஜுனன் சொல்லிக்கொண்டே போகிறான். அந்த அத்தியாயம் முழுவதிலும் கண்ணபிரான் வாய் திறப்பது ஒரே ஓர் இடத்தில்தான். மற்ற நேரமெல்லாம் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் இரண்டு சுலோகங்களில் அவர் அர்ஜுனனைக் கடிந்து பேசுகிறார். அந்தக் கடிந்துரையால் அர்ஜுனன் எழுந்து நிற்கவில்லை. மேலும் தன் குழப்பத்தைக் கொட்டுகிறான். சீடனாக வந்தேன், வழி காட்டு என்று வேண்டுகிறான். போரிட மாட்டேன் என்று சொல்லி மௌனமாகி விடுகிறான். அதற்குப் பிறகே, பதினோராவது சுலோகத்தில், உபதேசம் பிறக்கிறது.

நம் இல்லங்களில் நடப்பதோ இதற்கு நேர்மாறானது. பிள்ளை வாய் திறக்கும் முன்பே உபதேசம் தொடங்கி விடுகிறது. "நாங்கள் பட்ட கஷ்டம் உனக்குத் தெரியுமா?" "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்." "கோயிலுக்குப் போ, எல்லாம் சரியாகிவிடும்." இவை அன்பினால் சொல்லப்படுபவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், சோர்ந்து கிடக்கும் பிள்ளையின் செவியில் இவை அந்த இரண்டு சுலோகக் கடிந்துரையைப் போலத்தான் விழுகின்றன. பிள்ளை மௌனமாகி விடுகிறது. அந்த மௌனத்தைத் திறக்கும் பணியே கவுன்சலிங் எனப்படும் உள ஆலோசனை.

அறிவுரை வேறு, ஆலோசனை வேறு

'கவுன்சலிங்' என்றதும் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து புத்திமதி சொல்லி அனுப்புவார் என்று நம் மக்களில் பலர் எண்ணுகின்றனர். இது தவறான எண்ணம். பயிற்சி பெற்ற ஆலோசகர் முதல் சந்திப்பில் பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருப்பார். இடையிடையே, "நீ சொல்வதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா?" என்று கேட்பார். குற்றம் சுமத்த மாட்டார். ஒப்பிட்டுப் பேச மாட்டார். பிள்ளை சொன்னதைப் பிறரிடம் சொல்லவும் மாட்டார். பிள்ளையின் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் அந்த இரகசியத்திற்கு விலக்கு உண்டு. அதையும் தொடக்கத்திலேயே பிள்ளையிடம் சொல்லி விடுவார்.

இதன் பயன் என்ன என்று கேட்கலாம். பயம், வெட்கம், கோபம், துயரம் எல்லாம் மனத்திற்குள் ஒன்றாகக் கலந்து கிடக்கும்போது பிள்ளைக்குத் தன் துன்பத்தின் பெயர்கூடத் தெரிவதில்லை. பேசப் பேச அது பிரிகிறது. "எனக்குப் பள்ளியே பிடிக்கவில்லை" என்று வந்த பையன், மூன்றாவது சந்திப்பில், "வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள்" என்று சொல்லக்கூடும். முதலில் சொன்னதற்கு நம்மிடம் மருந்து இல்லை. இரண்டாவதற்கு உண்டு.

தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்கு

"எங்கள் காலத்தில் கவுன்சலிங்கா இருந்தது? நாங்கள் வளரவில்லையா?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அந்தக் காலத்தில் வேறொன்று இருந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் விளங்கும் பல இடங்கள் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள். தோட்டத்து வாழ்க்கை வறுமையும் கொடுமையும் நிறைந்தது, அதைப் புகழ்வதற்கில்லை. ஆயினும் லயத்தில் பத்து வீடு தள்ளி ஒரு பாட்டி இருந்தார். மாரியம்மன் கோயில் திண்ணை இருந்தது. அடி வாங்கிய பிள்ளை ஓடிப்போய் அமர ஓர் இடம் இருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, மேம்பாட்டுக்குப் போனபோது நம் மக்கள் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் பின்னர் அடுக்குமாடி வீடுகளுக்கும் வந்து சேர்ந்தனர். அப்பா லாரி ஓட்டுகிறார். அம்மா தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறார். பாட்டி வேறு ஊரில். பிள்ளைக்குத் துணை கைத்தொலைபேசி. வீட்டுக்கு வீடு கதவுக்கு இரும்புக் கிராதி போட்ட வாழ்க்கையில் அந்தத் திண்ணை காணாமல் போய்விட்டது. உள ஆலோசனை மேல்நாட்டிலிருந்து வந்த ஆடம்பரம் அன்று. நாம் இழந்த திண்ணையைத் திரும்பக் கட்டும் முயற்சி.

இதன் அவசரத்தை ஒரு புள்ளிவிவரம் காட்டும். சுகாதார அமைச்சு 2022ஆம் ஆண்டு நடத்திய தேசிய ஆய்வில், இடைநிலைப்பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. நூற்றுக்குப் பதின்மூவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தங்களுக்கு வந்ததாகத் தெரிவித்தனர். இவர்கள் எல்லா இனத்துப் பிள்ளைகளும்தான். நம் பிள்ளைகள் அதற்கு விலக்கு என்று எண்ணுவதற்குக் காரணம் ஏதும் இல்லை.

படிப்பில் பின்தங்குவதன் பின்னால்

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் தாய்மொழியில் பயின்ற பிள்ளை இடைநிலைப்பள்ளியில் காலடி வைத்ததும் பாடங்கள் மலாய் மொழிக்கு மாறுகின்றன. மலாய் மொழியில் போதிய தேர்ச்சி இல்லாதவர்கள் முதலாம் படிவத்திற்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் பயில நேரிடுகிறது. உடன் படித்த நண்பன் ஒரு வகுப்பு மேலே போய்விடுகிறான். பள்ளி பெரிது, பெயர் தெரிந்த ஆசிரியர் இல்லை. பதின்மூன்று வயதில் இது சாதாரண அதிர்ச்சியன்று. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021லும், பி.டி.3 தேர்வு 2022லும் நீக்கப்பட்டன. தேர்வுகள் நீங்கினாலும் இந்தப் பாலத்தைக் கடக்கும் அச்சம் நீங்கவில்லை.

'சோம்பேறி' என்று நாம் பெயர் சூட்டும் பிள்ளைகளிடம் வேறு காரணங்களும் இருக்கலாம். கரும்பலகை தெரியாத கண்ணுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி போதும். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அறிவு குறைவில்லை. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில்தான் சிரமம். அதற்கென்று தனிப் பயிற்சி முறைகள் உண்டு. காலையில் சாப்பிடாமல் வருவது, இரவெல்லாம் தூங்காதது, பள்ளியில் பிறர் அடித்து மிரட்டுவது, வீட்டில் அப்பாவின் குடி, இவை யாவும் மதிப்பெண் அட்டையில் ஒரே மாதிரித்தான் தெரியும்: சிவப்பு எண்ணாக. எது காரணம் என்று அட்டை சொல்லாது. பிள்ளைதான் சொல்ல வேண்டும். நாம்தான் கேட்க வேண்டும்.

நம் நாட்டில் உள்ள உதவிகள்

நம் நாட்டு இடைநிலைப்பள்ளிகளில் முழுநேர ஆலோசக ஆசிரியர்களை நியமிக்கும் முறை 1996இல் நடைமுறைக்கு வந்தது. பல பிள்ளைகள் ஆலோசகர் அறையையும் கட்டொழுங்கு ஆசிரியர் அறையையும் ஒன்றென்றே நினைத்து அஞ்சுகின்றனர். பெற்றோரே முன்வந்து ஆலோசகரைச் சந்தித்தால் அந்த அச்சம் பாதி தீரும். 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி, ஆலோசகர் என்று தொழில் செய்பவர் ஆலோசகர் வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பணம் கட்டிச் சேவை பெறுவோர் அந்தப் பதிவெண்ணைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

கோலாலம்பூரில் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 1970ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. 1953இல் லண்டனில் தோன்றிய சமாரிட்டன்ஸ் இயக்கத்தின் வழியைப் பின்பற்றியது இது. பயிற்சி பெற்ற தொண்டர்கள் தொலைபேசியில் இரவு பகலாகக் கேட்கிறார்கள். அழைப்பவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை, கட்டணம் இல்லை. அதன் எண் 03-7627 2929. சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய மனநல உதவித் தொலைபேசியின் எண் 15555. சிறார் கொடுமை, குடும்ப வன்முறை போன்றவற்றிற்கு 'தாலியான் காசே' 15999. அரசாங்க சுகாதாரக் கிளினிக்குகளிலும் மருத்துவரிடம் மனநலம் பற்றிப் பேசலாம். தேவையானால் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவர்களே அனுப்பி வைப்பர்.

நம் சமுதாயத்திலும் இத்துறையில் முன்னோடிகள் உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமம் 1904இல் தோன்றியது. சுவாமி சத்தியானந்தா 1949இல் தொடங்கிய சுத்த சமாஜம், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு வீடாக விளங்கியது. 2023இல் மறைந்த அன்னை மங்களம் தம் வாழ்நாளையே அங்கு அர்ப்பணித்தார். 1979இல் தோன்றிய கல்வி சமூகநல ஆய்வு அறவாரியமும், 1982இல் தோன்றிய ஸ்ரீ முருகன் நிலையமும் பின்தங்கிய மாணவர்களைத் தேடிச் சென்றன. பத்துமலைக்குக் கல்வி யாத்திரை மேற்கொள்ளும் ஸ்ரீ முருகன் நிலையத்தின் வழக்கம், பக்தியையும் படிப்பையும் ஒரே பாதையில் நடத்திக் காட்டியது. இந்த மரபின் அடுத்த படிதான் உள ஆலோசனை.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சைக் குறைத்தல். திங்கட்கிழமை தோறும் வயிற்றுவலி, தலைவலி. தூக்கமும் உணவும் மாறுதல். விரும்பி விளையாடியதை விட்டுவிடுதல். சிறு சொல்லுக்கும் சீறுதல் அல்லது அழுதல். இவை இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் உதவி நாட வேண்டும். "நான் இல்லாவிட்டால் உங்களுக்குச் சுமை குறையும்" என்பது போலப் பேசினாலோ, தன் பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிட்டாலோ, ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

அப்படியொரு சமயத்தில், "செத்துப் போகலாம் என்று தோன்றுகிறதா, கண்ணு?" என்று நேரே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை. அடைபட்டிருந்தது வெளியே வருகிறது. பிள்ளையைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மருந்து, பூச்சி மருந்து போன்றவற்றை அப்புறப்படுத்துங்கள். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே போலீசுக்கு அஞ்சி மறைக்க வேண்டிய நிலை இப்போது இல்லை. 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற அச்சம் மட்டுமே மீதம். அந்த நாலு பேரும் நாம்தான்.

கோயிலில் அர்ச்சனை செய்வதையோ விரதம் இருப்பதையோ விட்டுவிட வேண்டும் என்பதில்லை. பிரார்த்தனை மனத்திற்குத் தெம்பு தரும். காய்ச்சலுக்கு விபூதி பூசிவிட்டு மருத்துவரிடமும் போகிறோம் அல்லவா? மனத்திற்கும் அவ்வாறே.

நன்கொடையாளர்க்கு ஒரு வேண்டுகோள்

ஆண்டுதோறும் நம் ஆலயங்களிலும் அறவாரியங்களிலும் பரிசளிப்பு விழா நடக்கிறது. எஸ்.பி.எம். தேர்வில் சிறந்த தேர்ச்சி பெற்றவர்கள் மேடையேறுகின்றனர். மாலை, கேடயம், ரொக்கம் எல்லாம் வழங்குகிறோம். செய்ய வேண்டியதே; குறைவின்றிச் செய்வோம். ஆனால் அதே மண்டபத்தில், கடைசி வரிசையில், தங்கையின் பரிசைப் பார்க்க வந்த ஓர் அண்ணன் அமர்ந்திருப்பான். அவன் பெயர் எந்த ஆண்டிலும் வாசிக்கப்பட்டதில்லை. கை தட்டிவிட்டு, உணவுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். நம் தருமம் அவனிடம் சென்று சேர்ந்ததா?

அவனுக்காகச் செய்யக்கூடியது பெரிய செலவன்று. கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ உள்ள ஓர் ஆலய மண்டபத்தில், கதவு சாத்திப் பேசக்கூடிய ஒரு சிறிய அறை. வாரத்தில் இரண்டு மாலை வேளைகள் அங்கு அமரும், தமிழ் பேசும், பதிவு பெற்ற ஓர் ஆலோசகருக்குச் சன்மானம். டியூஷன் ஆசிரியர்களுக்கும் தேவார வகுப்பு நடத்துவோருக்கும், அறிகுறிகளைக் கண்டு உரிய இடத்திற்கு அனுப்பும் பயிற்சி. பிள்ளையின் பேருந்துக் கட்டணம். அந்த அறைக்குப் பெற்றோரும் வரலாம். சில வீடுகளில் முதலில் பேச வேண்டியவர்கள் அவர்களே.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குழல்விளக்கிலும் உபயதாரர் பெயரை எழுதும் வழக்கம் நம்முடையது. இந்தத் தருமத்திற்குப் பெயர்ப்பலகை வைக்கலாம். ஆனால் பயன் பெற்ற பிள்ளையின் படத்தை இதுபோன்ற மலரில் அச்சிட முடியாது. அவன் பெயரைச் சொல்ல முடியாது. அவனை மேடையேற்றி நன்றி கூறச் செய்யவும் முடியாது. இரகசியம் காக்கப்படும் என்ற ஒரே நம்பிக்கையில்தான் அவன் அந்த அறைக்கு வருகிறான். எத்தனை பேர் வந்தனர் என்ற எண்ணிக்கை மட்டுமே ஆண்டறிக்கையில் இருக்கும்.

வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று நம் பெரியோர் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். அந்தச் சொல்லைச் சோதித்துப் பார்க்க இதைவிடத் தக்க தருமம் வேறில்லை. குருக்ஷேத்திரத்தில் தேரை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பரமனின் திருவருள், நம் செவிகளையும் திறக்கட்டும்.