ஆஸ்பத்திரியில் தாத்தா திடீர்னு உளறுகிறாரா? ‘வயசாயிடுச்சு’ன்னு விட்டுடாதீங்க

புதுச்சேரி ஜிப்மருக்கு விழுப்புரம், கடலூரிலிருந்தும் முதியவர்கள் வருகிறார்கள். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர், அட்மிட் ஆன இரண்டாம் இரவில் மகளையே ‘நீ யாரு?’ என்று கேட்டால், மறதி நோய் என முடிவுகட்ட வேண்டாம். ‘டெலிரியம்’ எனும் திடீர் மனக்குழப்பமாக இருக்கலாம். கிருமித்தொற்று, நீரிழப்பு, ஆபரேஷன், சில மாத்திரைகள் எனக் காரணங்கள் பல. பேசாமல் சுருண்டு படுத்திருப்பதும் டெலிரியமாக இருக்கலாம். பலரும் கோட்டைவிடுவது இதைத்தான்.

அமெரிக்காவின் யேல் நியூ ஹேவன் மருத்துவமனையில் 70 வயது கடந்த 852 பேரிடம் நடந்த ஆய்வு 1999-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சையில் 15% பேருக்கு டெலிரியம் வந்தது. கண்ணாடி, காது மெஷின், தண்ணீர், இரவுத் தூக்கம், நடை, பேச்சுத்துணை ஆகியவற்றைக் கவனித்த பிரிவில் 9.9%. அங்கே தன்னார்வலர்களும் செய்த இந்த வேலையில் பாதியை, நம்ம ஊரில் பெட் பக்கத்திலேயே இருக்கும் சொந்தக்காரர் செய்துவிடலாம். வீட்டில் விட்டுவந்த கண்ணாடியை முதலில் எடுத்துட்டு வாங்க. குழப்பம் தெரிந்தால், ‘நேத்து இப்படி இல்லை’ என்று டியூட்டி டாக்டரிடம் அப்போதே சொல்லுங்க.